ஒரு வாய் கூடுதல்

பெரிய சிலிண்டரைத்தான் எடுப்பேன் என்று நான் சொன்னதும் விழிஞ்ஞத்து டைவிங் கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஐந்தடிக்காரி என்றால் சிலிண்டரும் குட்டியாகத்தான் இருக்கவேண்டுமா என்ன?

எங்கள் குழுத் தலைவர் உமாசங்கர், என்னைப் போலவே நாஞ்சில் நாட்டுக் குடும்பம். ஐம்பது மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பழைய சரக்குக் கப்பலைப் பார்க்க, முதன்முறையாக என்னையும் கூட்டிப்போகச் சம்மதித்திருந்தார். ஒரே நிபந்தனைதான். ஏறி வரும்போது நிற்கவேண்டிய ஆழத்தில் நிற்காமல் நான் தடுமாறினால், அதோடு என் ஆழ்கடல் ஆசைக்கு முழுக்கு.

அவ்வளவு ஆழத்திலிருந்து விறுவிறுவென்று மேலே வந்துவிட முடியாது. உடம்பில் ஏறிய நைட்ரஜன் இறங்குவதற்கு அங்கங்கே நின்று நின்றுதான் வரவேண்டும். அப்போது சுவாசிப்பதற்கென்று, ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த தனி சிலிண்டரை விலாவில் மாட்டிக்கொள்வோம். இரும்புச் சிலிண்டர் காலியானாலும் ஆளைக் கீழே இழுக்கும் என்பதால் அலுமினியம் என்று இருவருமே ஒப்புக்கொண்டோம். சண்டை அளவில்தான்.

"ஒனக்குச் சின்னதே தாராளம். பெரிசு எதுக்கு மக்கா? கடலுக்கடியில பந்தி போடப் போறியா?" என்றார் உமாசங்கர்.

அவரவர் காற்றை அவரவர் சுமந்தால் போதும் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டில் அம்மா பொன்னம்மை, வரப்போகிற ஆளுக்கென்று ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடாமல் உலை வைத்ததே இல்லை. யாரும் வராத நாளில் மிச்சச் சோறு எங்கள் தலையில்தான் விடியும். அந்த வளர்ப்பு லேசில் போகுமா? பெரியதையே தூக்கி வண்டியில் வைத்தேன்.

கப்பலைப் பார்த்தேன். துருவேறிய கைப்பிடிக் கம்பியைத் தொட்டேன். சந்தோஷத்தில் முகமூடிக்குள் கண் நனைந்துவிட்டது.

திரும்பும் வழியில், இருபத்தோரு மீட்டரில் உமாசங்கர் தமது தனி சிலிண்டரைத் திறந்தார். அதன் வால்வில் ஏதோ பிய்ந்து காற்று பீறிட்டது. அடைக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணெதிரே அத்தனையும் குமிழியாகப் போய்விட்டது. முதுகுச் சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றை மட்டும் நம்பி அவரால் முழு நேரமும் நிற்க முடியாது. நிற்காமல் ஏறினால் உடம்பு முடங்கிவிடும்.

என் விலாச் சிலிண்டரின் குழாயை எடுத்து அவர் வாயருகே நீட்டினேன். அவர் என் சிலிண்டரில் இழுக்கும்போது நான் முதுகுக் காற்றில் இருந்தேன். பிறகு என் முறை. நங்கூரக் கயிற்றை ஒட்டியபடி இப்படி மாற்றி மாற்றி ஒவ்வொரு நிறுத்தத்தையும் கடந்தோம். காலியாகக் காலியாக அலுமினியம் மேலே தூக்கப் பார்த்தது. முழங்கையால் அழுத்திக்கொண்டேன். ஒரு சாண்கூட நான் ஆழம் தவறவில்லை.

படகில் ஏறியதும் அவர் என் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒனக்க பந்தியில எனக்கும் ஒரு எல போட்டிட்டியே மக்கா," என்றார்.

அடுத்த வாரம் கடையில் யாரும் சிரிக்கவில்லை. உமாசங்கர் சின்ன சிலிண்டர்களைத் தாண்டிப் போய், பெரியதாக இரண்டு எடுத்து வந்தார். ஒன்றில் தம் பெயரை ஒட்டினார். இன்னொன்றை என் காலடியில் வைத்து, இந்த முறை நீயே முன்னால் இறங்கு என்றார்.