கழி வாடை

படகு கரை தட்டியதும், கரையில் நின்ற திவ்யா தண்ணீரில் இறங்கி, மாமியாரின் கையைப் பிடித்து இறக்கினாள். அணுபுரத்திலிருந்து வந்திருந்த அவர் மாலையை நனையாமல் தூக்கிப் பிடித்தபடி மணலில் கால் வைத்தார். இரண்டு எட்டு நடப்பதற்குள் முந்தானை மூக்குக்குப் போனது.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, உப்பங்கழிக்கு நடுவில் கிடக்கும் அந்தத் திட்டில் ஐம்பது வீடு இருந்தால் அதிகம். அத்தனை வீட்டுக் கக்கூஸ் தண்ணீரும் குழாய் வழியே ஒரே இடத்துக்கு வந்து, தொட்டி தொட்டியாகத் தெளிந்த பிறகுதான் கழிக்குப் போகும். அந்த பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டவர் அப்பாசாமி, திவ்யாவின் அப்பா. நேற்று, தண்ணீருக்குள் காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன படகு அவரைப் பிணமாகத்தான் திருப்பிக் கொண்டுவந்தது. அதன்பிறகு மோட்டாரை யாரும் நினைக்கவில்லை. காற்றடங்கிய இந்த முற்பகலில் நாற்றம் பந்தலுக்குள் வந்து குந்திக்கொண்டது.

அப்பாவுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை என்றுதான் திவ்யா புகுந்த வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். ஆபீஸிலும் அதேதான். கல்யாணப் பந்தியில் அவர் பரிமாற வந்தபோது, ‘நீ போய் உக்காருப்பா’ என்று வாளியை வாங்கிக்கொண்டாளே, அது பாசத்தால் அல்ல.

மாமியார் பந்தலில் கிடத்தியிருந்தவருக்கு மாலையைப் போட்டுவிட்டுத் திவ்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. திவ்யாவேதான் சொன்னாள்.

“கழி வாடை அத்தை. தண்ணி வத்துனா இப்படித்தான்.”

தலைமாட்டில் இருந்த அவளுடைய அம்மா பூவாயி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள்.

எதிர்வீட்டு எல்லம்மாளுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. “கழி இன்னா பண்ணுச்சு? மோட்டார் நின்னுகினு கீது. அண்ணாத்த இருந்தா இப்டி வுட்டுருக்குமா?”

பூவாயி புருஷன் நெற்றியிலிருந்து நழுவிய காசைச் சரிசெய்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்தாள்.

“எங்க போற, பொணத்தை வுட்டுட்டு?” என்றாள் எல்லம்மாள்.

“வந்துர்றேன். இந்த நாத்தத்துல அந்தாளத் தூக்கக் கூடாது.”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டின் பின்பக்கமிருந்த பிளான்ட்டுக்கு நடந்தாள். மோட்டார் சுவிட்ச் இருக்கும் இடம் திவ்யாவுக்கும் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் அப்பா ஊருக்குப் போனால் அவள்தான் போடுவாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். மடக்கிய கால் மடக்கியபடியே இருந்தது.

மோட்டார் இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. மாமியார் அவள் காதருகே குனிந்தார்.

“உங்கப்பா நிச்சயத்துக்கு முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்லிட்டார்மா. கக்கூஸ் தண்ணி சுத்தம் பண்ற வேலை, மனசுக்கு ஒப்புனா மேல பேசலாம்னார். எங்களுக்கு அதுல ஒண்ணும் இல்லன்னோம். கிளம்பும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். எம்பொண்ணு வேற மாதிரி சொல்லுவா, தெரிஞ்சதா காட்டிக்காதீங்க, கூச்சப்படுவான்னு.”

திவ்யாவுக்கு முகம் காந்தியது. அவள் அந்தப் பொய்யைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறார். எதிரே இருந்தவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். கிடத்தியிருந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

எழுந்து போனாள். தொட்டிக்குள் காற்று குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. பூவாயி நீளக் கொம்பால், அடைத்திருந்த கசடைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மகள் வந்ததைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“குடும்மா.”

பூவாயி கொடுக்கவில்லை.

“தள்ளி நில்லு,” என்றாள். “சேலைல பட்டுறப் போவுது. உங்க அத்தை கீறாங்க.”

குரலில் கோபமே இல்லை. திவ்யா நகரவில்லை. கொம்பு மறுபடி இறங்கியதும் கறுத்த நீர் விளிம்பைத் தாண்டி வழிந்து, அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு மணலுக்குள் இறங்கியது.