டிக் இல்லாத கட்டம்

நீக்க வேண்டியது நாற்பது பெயர். திரையிலோ ‘3112 பதிவுகள் நீக்கப்பட்டன’ என்று வந்தது. நூரீன் முதலில் பதறவில்லை. ‘தானாகச் சேமி’ என்ற கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருந்தாள். அவள் சொல்லாதவரை எதுவும் நிலைக்காது. திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். ஒரு பெயரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். தட்டாஞ்சாவடியில் அந்தச் சின்ன அலுவலகம் ஒரு தனியார் மருத்துவமனைக்காகப் பராமரித்துவந்த ரத்தக் கொடையாளர் பட்டியல் முழுதும் காலி.

அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். கட்டத்தில் டிக் இல்லை.

“நூரீக்கா, சத்தியமா ஆஃப் பண்ணிட்டுத்தான் செஞ்சேன்.” மூன்று மாதத்துக்கு முன், அங்கே உடன் வேலை பார்த்த தமிழ்மாறன் இதே மேசைப் பக்கத்தில் நின்று சொன்னான். அன்றைக்கும் இப்படித்தான் ஒரு பட்டியல் போனது. முதலாளி அரிகிருஷ்ணன் கேட்டபோது, “மறந்திருப்பான் சார்” என்றவள் அவள்தான். அன்று சாயங்காலமே அவனுக்கு வேலை போய்விட்டது.

இப்போது மருத்துவமனையிலிருந்து போன். “மேடம், பிரசவ கேஸ். ஓ நெகட்டிவ் லிஸ்ட் ஒண்ணுமே காட்டல.”

“பத்து நிமிஷம் குடுங்க.”

“பத்து நிமிஷமா?”

காலையில் எடுத்த நகலை ஏற்றினாள். பச்சைக் கோடு ஊர்ந்து, அறுபதில் வந்து நின்றுகொண்டது. அரிகிருஷ்ணனின் மூச்சு பின்கழுத்தில் பட்டது. ஒன்பதாவது நிமிடத்தில் பெயர்கள் வந்தன. ஓ நெகட்டிவ் கொடையாளர் மூன்று பேரின் எண்களைப் போனிலேயே வாசித்தாள். அரை மணி கழித்து, ரத்தம் கொடுக்க ஆள் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அதன் பிறகுதான் மென்பொருளை மூடிவிட்டு, அதன் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்தாள். திரையில் டிக்கை எடுத்தது கோப்பில் ஏறவே இல்லை; அங்கே ‘தானாகச் சேமி: ஆம்’ என்றே இருந்தது. கையாலேயே திருத்தி, மென்பொருள் மறுபடி மாற்றாதபடி கோப்பைப் பூட்டினாள். நகலில் ஒரு பெயரை அழித்துப் பார்த்தாள். பொத்தானை அழுத்தியதும் திரும்பி வந்தது.

“வழி கெடச்சிடுச்சில்ல, அதோட விடு” என்றார் அரிகிருஷ்ணன்.

“தமிழ்மாறன் பொய் சொல்லல சார்.”

“இப்ப அத எதுக்குக் கெளர்ற?”

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

வைத்திக்குப்பத்தில் அவன் அம்மா கமலவேணி வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“தமிழ்மாறன் இருக்கானாம்மா? நான் ஆபீஸ்லேர்ந்து வர்றேன்.”

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப என்னா காணாம போச்சு?”

“எதுவும் போகலம்மா, அன்னிக்கி நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்றாள் நூரீன். உள்ளேயிருந்து ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி வந்த தமிழ்மாறன், அவளைக் கண்டதும் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுவிட்டான்.