பிஸ்கட் உடையாத பள்ளிக்கூடம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் மனைவியின் தங்கை சொன்னது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக அறிவியல் டீச்சர். வருடா வருடம் தலைமையாசிரியை மனம் வைத்தால்தான் வேலை. நடந்ததையெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொட்டிவிட்டுப் போனாள். பொறுக்கி எடுத்தது மட்டும் நான்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘எல்லையற்ற பேரண்டத்தின் இருளில் ஒரு சிறு தூசு...’

“என் கிளாஸ்ல ஃபேனே ஒழுங்கா சுத்தாது மாமா. பேரண்டம் எதுக்கு?” என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

விண்வெளியில் தூசு சும்மா மிதப்பதில்லை. துப்பாக்கித் தோட்டாவைவிட வேகமாக வந்து விண்கலத்தையே துளைத்துவிடும். இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? டீச்சர் ஒரு டப்பாவில் மெல்லிய பிஸ்கட்டை வைத்தாள். அதுதான் விண்வெளி வீரர். டப்பாவின் வாயில் பிள்ளைகள் செய்த கவசம். மேலே ஒரு நீளக் குழாய். அதன் வழியே விழும் இரும்புக் குண்டுதான் தூசு.

காகிதம் கிழிந்தது. அலுமினியத் தாள் கிழிந்தது. யாரோ அப்பாவின் காலுறையைக் கொண்டுவந்தார்கள். வாடை தாங்கியதே தவிர குண்டைத் தாங்கவில்லை. முன்பல் விழுந்ததால் ‘ஓட்டைப்பல்’ என்று பெயர் வாங்கியிருந்த சிறுமிதான் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பார்த்தாள். மேலடுக்கு குண்டின் வேகத்தைக் குறைத்தால் கீழடுக்கு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. அதுவும் உடைந்தது. மாற்றிக் கட்டினாள். மறுபடி உடைந்தது. இறந்த வீரர்களை அவளே தின்றாள்.

3

(இங்கே தலைமையாசிரியை வரவேண்டும். ‘கழுகு மூக்கும் கடுகடுத்த முகமுமாக’ என்று எழுதியிருந்தேன். “அவங்க கெட்டவங்க இல்ல மாமா. போன வருஷம் ஒரு பையனோட எரிமலை வெடிக்கல. அவன் அப்பா ஆபீஸுக்கு வந்து கத்தினதுல பயந்துபோனவங்க” என்றாள் மைத்துனி. கழுகை எடுத்துவிட்டேன்.)

“அறிவியல் விழாவுக்கு ஸ்பான்சர் வர்றார். பெரிய பில்டர்,” என்றார் தலைமையாசிரியை. “அவர் முன்னாடி ஒரு பிஸ்கட்டும் உடையக் கூடாது.”

“உடைஞ்சாத்தானே மேடம் எது நல்லதுன்னு தெரியும்?”

“நம்ம ஸ்கூல்ல எல்லாமே நல்லதுதான் மா.” மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வைத்தார். “குழாய்ல இதைப் போடுங்க. உங்க ரினியூவல் ஃபைலும் என் மேஜையிலதான் இருக்கு, மறந்துடல.”

டீச்சர் பஞ்சை எடுத்துக்கொண்டாள். வாடகை வீடு, தனியாள். அவள் இடத்தில் நானும் எடுத்திருப்பேன்.

4

விழாவில் பஞ்சு விழுந்தது. ஒரு பிஸ்கட்டும் உடையவில்லை. வெறும் டிஷ்யூ பேப்பரை ஒட்டியிருந்த பையன்களுக்கும் முதல் பரிசு, ஓட்டைப்பல்லுக்கும் முதல் பரிசு. பில்டருக்கு வாயெல்லாம் பல்.

“எங்க கட்டடங்களையும் இப்படித்தான் டெஸ்ட் பண்றோம்,” என்றார் மைக்கில். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஓட்டைப்பல் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. “மிஸ், நிஜக் குண்டு போடுங்க.”

“போடுங்களேன்,” என்றார் பில்டர், குழந்தை ஆசைப்படுகிறதே என்று.

தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்தார். “குண்டு கொண்டு வரல, இல்ல?”

கைப்பையில்தான் இருந்தது. ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்தப் பிள்ளை கையை நீட்டியபடியே நின்றாள். அந்தக் கையில் குண்டை வைத்தாள் டீச்சர்.

5

என் முதல் முடிவு: பிஸ்கட் உடையவில்லை, அரங்கமே எழுந்து நின்று...

“அது பொய்,” என்றாள் மைத்துனி. “நீங்களும் பஞ்சுதான் போடறீங்க.”

பிஸ்கட் நொறுங்கியது. அழப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஓட்டைப்பல் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். “நடுவுல தொய்ஞ்சிருச்சு மிஸ். இழுத்துக் கட்டணும். இன்னொரு பிஸ்கட் இருக்கா?”

டிஷ்யூ பேப்பர் பையன்களும் எழுந்தார்கள். “மிஸ், எங்களுதுலயும் போடுங்க. உடையும்னு தெரியும், எப்படி உடையுதுன்னு பார்க்கணும்.” அவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. பில்டர் தன் கைபேசியை எடுத்து, வராத அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

6

திங்கட்கிழமை தலைமையாசிரியை டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே என்ன நடந்தது என்று பல விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

“சொன்னா நீங்க நல்லபடியா முடிச்சிடுவீங்க மாமா,” என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஆகவே அந்த அறையின் கதவு வரைதான் என்னால் உங்களோடு வரமுடியும். உள்ளே போவது உங்கள் பாடு.