பாதிதான், முழுசு இல்லை

மின்னசோட்டாவில் ஏரிக்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாரெனும் ட்வெய்னும் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ட்வெய்னுக்குக் கலப்பெண்கள் என்றால் உயிர். மற்றவர்கள் பக்கம் பக்கமாகப் போராடும் தொகையீட்டை அவன் கலப்பெண் தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு வளைகோடு போட்டு, நாலு வரியில் முடித்துவிடுவான். ஆனால் நுணுக்கங்களில் கோட்டை விடுவான். அதற்குத்தான் மாரென் இருந்தாள்.

வாய்மொழித் தேர்வு ஜனவரியில் வந்தது. பேராசிரியை ஓக்கர்லண்ட் அந்த வருடம் ஒரே ஒரு மாணவரைத்தான் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்போவதாகச் சொல்லியிருந்தார். மாரென் முதல் நாளே தேறிவிட்டாள். மறுநாள் காலை, தன் தேர்வுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்த ட்வெய்ன் அவளுக்குப் போன் செய்தான்.

"ஏய், சட்டுனு சொல்லு. நாம போற பாதை மேலயே அந்த மோசமான புள்ளி வந்து உக்காந்துட்டா, அதோட எச்சத்த முழுசா எடுக்கணுமா, பாதியா?"

"முழுசுதான்டா. பயப்படாம போ."

போனை வைத்துவிட்டு காபியை எடுத்தாள். ஒரு வாய் குடிப்பதற்குள் தவறு புரிந்தது. புள்ளி வளைகோட்டுக்கு உள்ளே இருந்தால் விடையில் அதன் பங்கு முழுசு, வெளியே இருந்தால் ஒன்றுமில்லை. கோட்டின் மேலேயே இருந்தால் பாதி. போனைக் கையில் எடுத்தாள். அப்போது ஓக்கர்லண்டிடம் இருந்த அந்த ஒரே இடம் நினைவுக்கு வந்தது. அவன் பெயரைத் தேடிய விரல் அப்படியே நின்றது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானம் துறை ஓய்வறைக்கு அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"முழுசா எடுத்து ரெண்டு π-ன்னு எழுதிட்டேன் மாரென். வெறும் π-தான் விடை. அங்கேயே உளற ஆரம்பிச்சுட்டேன், அப்புறம் எதுவும் ஓடல. இலையுதிர் காலத்துல திரும்ப வரச் சொல்லிட்டாங்க."

அவளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அவள் வாங்கிக் கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றான்.

அந்த வாரம் ஓக்கர்லண்ட் அவளைக் கூப்பிட்டார்.

"அந்த இடம் உனக்குத்தாம்மா. ட்வெய்னத்தான் நெனச்சிருந்தேன். 'முழுசுன்னு யாருப்பா உனக்குச் சொன்னது'ன்னு கேட்டேன். 'நானாத்தான் நெனச்சேன்'னு சொல்லிட்டான்."

மாரென் எல்லாவற்றையும் சொன்னாள். தவறாகச் சொன்னதை, காபியை, கவிழ்த்து வைத்த போனை. ஓக்கர்லண்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்கிட்ட போ."

ட்வெய்ன் தன் வீட்டுப் படிகளில் உறைந்த பனியை வெட்டிக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"தப்புன்னு எப்ப தெரிஞ்சுது?"

"நீ போன வச்ச உடனே."

"தப்பா சொன்னா பரவால்ல. நானும்தான் உளறுவேன்." அவன் குரல் தாழ்ந்தது. "அவ்ளோ நேரம் பஸ்ல உக்காந்திருந்தேன் மாரென். போன் கையிலதான் இருந்துச்சு."

"அந்த இடம் எனக்கு வேணாம்னு சொல்லப்போறேன்."

"அது உன் இஷ்டம். எனக்காகன்னு மட்டும் சொல்லாத."

மறுபடி வெட்ட ஆரம்பித்தான். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

அவள் வேறொரு பேராசிரியரிடம் சேர்ந்தாள். இலையுதிர் காலத்தில் ட்வெய்ன் தேறினான். ஓக்கர்லண்ட் அவனை எடுத்துக்கொண்டார். வாழ்த்துச் சொன்னபோது "தேங்க்ஸ்" என்று முகம் பார்த்தே சொன்னான். நடைபாதையில் எதிர்ப்பட்டால் பனியைப் பற்றி, ஹாக்கியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவான். சந்தேகங்களை மட்டும் இப்போது கனடாவின் வின்னிபெக்கிலிருந்து வந்த புதுப் பெண்ணிடம் கேட்கிறான். பக்கத்து அறையிலிருந்து அந்தப் பெண்ணின் விளக்கம் மாரெனின் காதில் விழும். சில சமயம் அது தவறாகவும் இருக்கும். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பாள். அதற்குள் அவனே கண்டுபிடித்துத் திருத்திவிடுவான்.