வரிசைக்கு அடங்காத செவலை

சம்புரு இனத்து ஆடு மேய்ப்பவர்களான எங்கள் மேய்ச்சல் காட்டில் செம்மறிகளோடு ஒரு செவலை வெள்ளாடும் போகும். மந்தை கிழக்கே போனால் அது மேற்கே திரும்பும். ஒருநாள் பொறுமை போய், என் கணவர் லெகுப்பே அதை வீட்டு முள்வேலியோரம் கட்டிப்போட்டார்.

"இன்னிக்குப் பாருடி, மந்தை நூல் புடிச்ச மாதிரி நடக்கும்" என்று பெருமை வேறு.

செம்மறிகள் நடக்கத்தான் நடந்தன. வறண்ட ஆற்று மணலில் புழுதிக்காற்று சுழற்றியடித்ததும் முன்னால் போன ஆடு தடுமாறி, கடைசி ஆட்டின் பின்னால் சேர்ந்துகொண்டது. மந்தை முழுவதும் வட்டமடிக்க ஆரம்பித்தது. மதியத்துக்குப் பால் கொண்டுபோன நான் பார்த்தபோது, அவர் தடியோடு நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டை இழுத்து வெளியே விட்டால் அது ஓடிப்போய் மறுபடி வட்டத்தில் சேர்ந்தது.

நான் வீட்டுக்கு ஓடி, செவலையை அவிழ்த்துக் கூட்டிவந்தேன். அது யாரையும் சட்டை செய்யாமல் வட்டத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு, எதிர்க்கரையில் உதிர்ந்துகிடந்த முள்மரத்துக் காய்களைத் தின்னப் போனது. இடிபட்ட நாலு செம்மறிகள் அதன் பின்னால் திரும்பின. பிறகு எல்லாமே திரும்பின.

"இதே மாதிரி இன்னொண்ணு புடிச்சிட்டு வரலாமா, லோயான் அப்பா?" என்று பிள்ளை பேரைச் சொல்லி அவரைக் கேட்டேன்.

அவர் பாலைக் குடித்து வாயைத் துடைத்தார்.

"வேண்டவே வேண்டாம். ஒண்ணு இருந்தா மந்தைக்கு வழி கெடைக்கும். ரெண்டு இருந்தா மந்தையே இருக்காது. வீட்டுல வேற ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."