மூன்று மணிக்குப் பெருமூச்சு விட்ட நாற்காலி

ஆசானின் நினைவாக நடந்த முதல் கண்காட்சியின் ஆறாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாற்காலி பெருமூச்சு விட்டது. கண்ணாடியின் உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்து மறைந்தது. காப்பாட்சியர் ஏசி மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் இரண்டு நாள் குழாய்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, மிஷினில் கோளாறில்லை, நாற்காலிக்குத்தான் அசதி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு தினமும் மூன்று மணிக்கு அது நடந்தது. விடுமுறை நாட்களிலும் நடந்ததாகக் காவலாளி சொன்னார்.

ஆசான் இளைப்பாறுதலைப் பற்றியே பதினான்கு புத்தகங்கள் எழுதியவர். இது பதினைந்தாவது என்று ஒரு சீடர் சொல்லிவைக்க, மற்றவர்கள் மூன்று மணிக்கு முன்பே வந்து இடம்பிடித்துக் குறிப்பெடுத்தார்கள். கண்காட்சி ஏழாண்டுகளில் நான்கு முறை நடந்தது; இடையிலும் நாற்காலி பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெரிய மனிதர் வீட்டிலிருந்து வண்டியேறியதெல்லாம் பெரிய மனிதருடையது என்பது அருங்காட்சியகத்தின் வழக்கம். அங்கே பொருள்களுக்குப் பெயர் அட்டை எழுதுகிறவர் அந்த வழக்கப்படிதான் ‘ஆசான் அமர்ந்து சிந்தித்த நாற்காலி’ என்று எழுதியிருந்தார். பதினான்கு புத்தகங்களின் அட்டையிலும் ஆசான் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. என்னத்தைச் சொல்வது.

அது அடுப்படி நாற்காலி. ஆசானுக்கும் அவரைப் பார்க்க வந்தவர்களுக்கும் இருபத்தாறு வருடம் சமைத்துப்போட்ட மருமகள், கடைசித் தட்டைக் கழுவிவிட்டு மூன்று மணிக்கு அதில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவார். உடனே தேநீருக்கு எழுந்துவிடுவார். அவருக்கென்று ஒரு நாளில் இருந்தது அவ்வளவுதான். நாற்காலியை வண்டியில் ஏற்றிய நாளிலிருந்து அவருக்குப் பெருமூச்சு வரவில்லை. உள்ளே போன காற்றில் கொஞ்சம் நெஞ்சிலேயே தங்கியது. ஆண்டுக்கொரு முறை உடைகளைப் பிரித்துப் பெரிதாகத் தைத்துக்கொண்டார். ஏழாம் ஆண்டில் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இன்னும் ஒரு மாதம் போனால் விலா எலும்பு விட்டுவிடும் என்றார்.

“அப்பா கண்காட்சிக்கு ஒரு நடை போய்ட்டு வா. மனசு லேசாகும்,” என்றார் கணவர். மருமகள் அதுவரை போனதில்லை. போனால் உலை வைப்பது யார்?

மறுநாள் போனவர், மூன்று மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்ணாடியை ஒட்டிப் போய் நின்றார். பக்கத்தில் நின்ற அட்டை எழுதுகிறவரிடம் மெதுவாகச் சொன்னார், “அது என் மூச்சுங்க.”

விஷயம் காப்பாட்சியரிடம் போனது. அட்டையில் இருப்பதுதான் கணக்கு என்றார் அவர். “உக்காரணும்னா வெளிய பெஞ்சு கிடக்கும்மா.”

“பெஞ்சுல எல்லாம் உக்காந்து பாத்தாச்சு.”

அட்டை எழுதுகிறவருக்கு ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. முப்பது வருடம் சொன்னதையெல்லாம் எழுதி அலுத்தவர். அவர் யாரையும் கேட்காமல் சாவியெடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

மருமகள் உட்கார்ந்தார். அந்தப் பெருமூச்சு மூன்றரைக்குத் தொடங்கி ஐந்து மணிவரை நீடித்தது. சீடர்களின் நோட்டுகள் கையைவிட்டுப் பறந்தன. சுவரில் இருந்த ஆசானின் படங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. காப்பாட்சியர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்ந்தபோது மருமகளின் உடை தோளில் தொளதொளத்தது.

“கொஞ்சம் தண்ணி குடுங்க,” என்றார். அந்த வீட்டில் இருபத்தாறு வருடம் சாப்பிட்ட சீடர் ஒருவர், தண்ணீர் எங்கே இருக்கும் என்று தெரியாமல் முழித்துவிட்டுப் பிறகு ஓடினார்.

நாற்காலி அதன் பிறகு சத்தம் போடவில்லை. கூட்டம் பாதியாகக் குறைந்தது. அட்டையை மாற்ற மேலிடத்து அனுமதி இன்னும் வரவில்லை. தினமும் மூன்று மணிக்கு மருமகள் வருகிறார், பெட்டி திறக்கிறது. கண்ணாடிக்குள் அந்தம்மா என்ன செய்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், காவலாளி தலையைத் தூக்காமலே பதில் சொல்கிறார்.

“ஒண்ணும் செய்யல. சும்மா உக்காந்திருக்காங்க.”