என் அப்பா விட்ட மூச்சு

எங்கள் வீட்டுச் சாய்ந்த கூரையில் பூஞ்சணம் பிடித்ததற்கு என் அப்பாவின் மூச்சுதான் காரணம் என்று ஒருவர் சொன்னார். என் சமையலறையில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். அவர் பெயர் ட்ரோகர், கட்டடத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்காரர்.

ஜெர்மனியில், ட்ஸ்விக்காவ் நகரில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் உச்சி மாடி எங்களுடையது. தலைக்கு மேல் நேராக ஓடுதான். படுக்கையறைக் கூரை உச்சியிலிருந்து சரிந்து முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். நான், சில்கே, டிராம் ஓட்டுகிறேன். அம்மா போன பிறகு அப்பாவை அழைத்து வந்து அந்த அறையைக் கொடுத்தேன். குளிர் தொடங்கியதும் சரிவின் மேல்பாதி தொட முடியாதபடி சில்லிட்டது. முதலில் நீர் முத்து முத்தாக நின்றது, பிறகு கரும்புள்ளி, கிறிஸ்துமஸுக்குள் ஒரு போர்வை அளவுக்குக் கறுப்பு. அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை.

"ஜன்னலைத் திறக்குறீங்களா?" என்று ஆரம்பித்தார் ட்ரோகர்.

"திறக்குறோம்."

"எப்படித் திறக்குறீங்க? சாய்ச்சு வைக்கிறீங்களா, அகலமாத் திறக்குறீங்களா?"

எங்கள் ஊரில் வரி கட்டாதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். குளிர்காலத்தில் ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் லேசாகச் சாய்த்து, ஈரம் போகாமல் சுவரைக் குளிர வைப்பவனை மன்னிக்க மாட்டார்கள்.

"அகலமாத்தான். காலைல, மத்தியானம், சாயங்காலம். அப்பா கோட்டைப் போட்டுக்கிட்டு நடுங்கிட்டு உக்காந்திருக்காரு."

"பெரியவர் பகல்லயும் அந்த ரூம்லதானா? ஒரு ஆள் மூச்சு விட்டாலே எவ்வளவு ஈரம் தெரியுமா? அது எங்கயாவது போய் உக்காரணும்ல?"

"கூரைக்குள்ள குளிர் தடுக்குற பஞ்சு இருக்கா இல்லையான்னு பிரிச்சுப் பாருங்க சார்."

"இருக்கு. வீட்டைப் புதுப்பிச்சப்பவே வச்சாச்சு. தப்பு கூரைல இல்லைம்மா. உங்க பழக்கத்துல."

அப்பா பக்கத்திலேயே இருந்தார். பெயர் கொட்ஹார்ட் ஊலிக், கார் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்கக் கதவு பொருத்தியவர். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். அன்றும் ஒப்புக்கொள்பவர் போலத் தலையை ஆட்டினார்.

பணிமனையில் சொன்னபோது மெக்கானிக் ஃபால்க் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்கப்பாவுக்குக் காத்து விடவே தெரியலைன்னுட்டாங்களா? எங்க வீட்ல எல்லாருமே அதுல கில்லாடி. அனுப்பி வைக்கட்டுமா?" நானும் சிரித்தேன். வீட்டில் சிரிப்பு வரவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் வண்டி கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், கண்ணாடியில் பார்த்தால் பின் இருக்கையில் ஒருவர் மட்டும் எழுந்திருக்காமல் இருந்தார். என் அப்பா. மடியில் ரொட்டி டப்பா.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா."

"எப்போ ஏறினீங்க?"

"காலைலேர்ந்து சுத்திட்டுத்தான் இருக்கேன். தெனமும்தான். நீ ஓட்டாத வண்டியாப் பார்த்து ஏறுவேன், இன்னிக்கு மாறிப்போச்சு." டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டே சொன்னார். "நான் இல்லைன்னா ரூம் காயும் சில்கே. அப்பவும் காயலைன்னா முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன். மார்ச்ல இடம் காலியாகுதாம்."

வெளியே ஜனங்கள் ஏறக் காத்திருந்தார்கள். கதவைத் திறந்தேன், வண்டியை எடுத்தேன். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எண்பது வயதை நெருங்கும் மனிதர், மூச்சு விடுவதற்கு வெட்கப்பட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மகள் வீடு நனையக் கூடாது என்று அவளை விட்டே போகப் பார்க்கிறார். இதற்கெல்லாம் காரணமானவர் எங்கோ நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அந்தச் சனிக்கிழமை ஃபால்க் கடப்பாரையோடு வந்தான். "அனுமதி கேட்டியா?" என்றான்.

"கேட்டா பதில் வர்றதுக்குள்ள கோடை வந்துரும். பிரி."

சரிவில் அடித்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். உள்ளே கண்ணாடிப் பஞ்சு இருந்தது. ஆனால் மேலே இல்லை. ஓடுகளைத் தாங்கும் கைமரங்களுக்கு இடையில் பிடிமானம் இல்லாமல் வருடக்கணக்காகச் சரிந்து சரிந்து, ரப்பர் போன காலுறை கணுக்காலில் கிடப்பதுபோல் அடியில் குவிந்து கிடந்தது. அதற்கு மேல் வெறும் ஓடு. ஓட்டு இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது, ஆணிகளில் உறைபனி. பஞ்சு எங்கே முடிந்ததோ சரியாக அங்கேதான் கறுப்பு தொடங்கியிருந்தது.

"பஞ்சு இருக்குன்னு அந்தாளு சொன்னது பொய் இல்ல," என்றான் ஃபால்க். "இருக்கு. படுத்துத் தூங்குது."

திங்கட்கிழமை நான் போன் செய்ததும் ட்ரோகர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யார் உங்களைப் பிரிக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா உள்ளே வந்தார். இரண்டு கைமரங்களுக்கு நடுவில் கையை விட்டு ஓட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் கேட்கிற மாதிரி ட்ரோகரிடம் கேட்டார். "அப்போ... நான் இல்லைங்களா?"

"ஈரத்துக்குப் பல காரணம் இருக்கலாம்," என்றார் ட்ரோகர்.

"பல காரணத்தை அப்புறம் பார்ப்போம்," என்றேன். "காரணம் அவர் மூச்சு இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அது போதும்."

"அதெல்லாம் நான் வாயால சொல்ல முடியாதும்மா. சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அலுவலகத்துல கேக்கணும்."

"அவரோட மூச்சுதான்னு சொன்னப்போ யாரைக் கேட்டீங்க?"

அவர் வாசல் பக்கம் நகர்ந்தார். நான் வாசலை மறித்து நின்றேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "விடும்மா. அவருக்கும் மேல ஆளுங்க இருக்காங்கல்ல." அந்த இடைவெளியில் ட்ரோகர் நழுவிப் படியிறங்கிவிட்டார்.

செலவை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அதற்கு மட்டும் யாருக்கும் வாய் அடைக்கவில்லை.

வேலையை நாங்களே செய்தோம். இந்த முறை பஞ்சு வேண்டாம், மரநார்ப் பலகை என்று முடிவு செய்தோம். கைமர இடைவெளியைவிட ஒரு விரல் அகலமாக வெட்டி இறுக்கித் திணித்தால் அது எந்தக் காலத்திலும் சரியாது. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் காற்றோட இடம் விட்டோம். அறைப் பக்கம் ஈரம் புகாத தாளை விரித்து, ஒட்டுகளில் எல்லாம் நாடா ஒட்டி, அதன் மேல் ஜிப்சம் பலகை. நாடா ஒட்டியது முழுக்க அப்பாதான். ஒவ்வோர் ஒட்டையும் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து அழுத்தினார். "போதும் பெரியவரே, நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க," என்று ஃபால்க் கிண்டல் செய்தான்.

இப்போது சரிவைத் தொட்டால் பக்கத்துச் சுவரைப் போலவே கதகதப்பாக இருந்தது. அப்பாவே முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்றார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச்சில் ஒரு காலை, மழையும் பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருமுனை நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினால் பெஞ்சில் அப்பா. இறங்கி ஓடினேன்.

"ரூம்ல குளிருதாப்பா?"

"இல்லம்மா, நல்ல கதகதப்பு. ராத்திரி பூரா அசந்து தூங்கிட்டேன்." வண்டியில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "அதான்... நெறைய மூச்சு விட்டிருப்பேன். கொஞ்சம் காயட்டும்னு வந்து உக்காந்தேன்."

அவரை ஏற்றி என் முதுகுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார வைத்தேன். பணிமனை நிறுத்தத்தில் வண்டியை அடுத்த ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் அவரைக் கூட்டிக்கொண்டு ட்ரோகரின் அலுவலகத்துக்குப் போனேன்.

"எதுக்கும்மா இதெல்லாம்," என்றார் படியேறும்போது.

"அந்தாளு வாயால உங்ககிட்ட சொல்லாம நாம வீட்டுக்குப் போறதில்ல."

கதவருகில் வந்ததும், மன்னிப்புக் கேட்க வந்தவர் மாதிரி அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அதை வாங்கித் திரும்ப அவர் தலையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.